கூலிக்கு ஒரு வாசல், தொழிலுக்கு ஒரு வாசல்

மேட்டுக்கு அப்பால் – 14

காமயகவுண்டன்பட்டிக்கு முதல்முறை வருகிற விருந்தாளியை ஊர்க்காரர்கள் இரண்டு இடத்துக்குக் கூட்டிப் போவார்கள். ஒன்று திராட்சைத் தோட்டம். இன்னொன்று காந்தி கோயில். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்கள் இந்த ஊரில் ஒருவர் இருவரல்ல. அவர்கள் நினைவு அந்தக் கோயிலோடு சேர்ந்தே இருக்கிறது. அக்டோபர் 2 வந்தால் அங்கே மாலை மரியாதை உண்டு.

கோயிலில் நாம் கும்பிடுகிறவரை இந்த வாரம் வேறு கோலத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. 1893-ல் தென்னாப்பிரிக்காவில், நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது அவருக்கு வயது 23. தாதா அப்துல்லா கம்பெனிக்கு ஒரு வழக்கில் உதவி செய்ய வேண்டும். ஒப்பந்தம் ஒரு வருடம். போக வர முதல் வகுப்புக் கப்பல் டிக்கெட், கையில் 105 பவுன், தங்குவதும் சாப்பிடுவதும் கம்பெனி செலவு. இன்றைக்கு நம் ஊர் ஏஜென்ட் சொல்வானே, “டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ சார்” என்று, அதேதான். உள்ளூரில் வக்கீல் தொழில் ஓடவில்லை, வெளிநாட்டில் வேலை வந்தது, போனார். படித்த தொழிலுக்காகக் கப்பலேறிய ஒப்பந்த ஊழியர் அவர்.

அடுத்த வருடம் அவருடைய அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். பெயர் பாலசுந்தரம். முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம், தலைப்பாகை கையில், உடம்பெல்லாம் நடுக்கம். முதலாளி அடித்திருக்கிறான். அலுவலகக் குமாஸ்தா தமிழர் என்பதால் அவர் சொன்னதைக் காந்திக்கு மொழிபெயர்த்தார். பாலசுந்தரமும் ஒப்பந்தத்தில் வந்தவர்தான். ஆனால் காந்தி வேலையை விட்டால் கப்பல் பிடித்து ஊருக்குப் போகலாம். பாலசுந்தரம் வேலையை விட்டால் ஜெயில். ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டுப் போவது நேட்டாலில் கிரிமினல் குற்றம். காந்தியால் அப்போது செய்ய முடிந்தது, அவரை வேறொரு வெள்ளைக்காரரிடம் மாற்றிக் கொடுத்ததுதான்.

ஒரே துறைமுகம், ஒப்பந்தம் இரண்டு வகை. நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே போன ஒவ்வொருவரும் இந்த இரண்டு வாசலில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் போயிருக்கிறார்கள். எந்த வாசல் என்று அவரவர் கை முடிவு செய்ததா, காகிதம் முடிவு செய்ததா? இந்த வாரத்துக் கேள்வி அது.

நேட்டாலை விட்டுப் போகும் முன் இன்னொன்று. 1897-ல் அங்கே ஒரு குடியேற்றச் சட்டம் வந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவன் கரையில் இறங்கக் கூடாது. ஒப்பந்தக் கூலிகளுக்கு மட்டும் விலக்கு. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமல்லவா! கூலியாக வந்தால் எழுத்து வேண்டாம். சொந்தக் காசில் கடை போட வந்தால் எழுத்து வேண்டும். இன்றைய விசாவுக்கான மொழித் தேர்வுகளுக்கு மூத்த அண்ணன் இந்தச் சட்டம் என்று நான் நினைக்கிறேன்.

சென்ற வாரம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன வழியைப் பார்த்தோம். கங்காணி முன்பணம் கொடுப்பான்; ஆள் கழுத்திலோ இடுப்பிலோ தகரத் துண்டு தொங்கும்; அதில் தோட்டத்தின் எண், ஆளின் எண். வழியில் சாப்பிட்ட சோறு முதல் ரயில் கட்டணம் வரை அந்த எண்ணின் பெயரில் கடனாக ஏறும். 1914-ல் பாம்பன் பாலம் வந்தபின் ரயிலிலேயே தனுஷ்கோடி வரை போய்க் கப்பல் மாறலாம். நடுவில் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவல். 1928-ல் போடிக்கு ரயில் வந்தது. ஏலக்காய்க்காக வந்த ரயில் அது. நம் பக்கத்து ஆட்களுக்கு மதுரை வரைக்குமான மாட்டுவண்டித் தூரத்தையும் குறைத்தது. மண்டபம் முகாமில் பிற்காலத்தில் தங்கவைக்கப்பட்டவர்கள் எதிர்த் திசையில் வந்தவர்கள், ஈழ அகதிகள். அது தனி அத்தியாயம்.

வேலைக்காக வெளியே போன கூட்டத்தை வகை பிரித்து எழுதி வைத்தது 1922-ம் வருடத்து இந்தியக் குடிபெயர்வுச் சட்டம். அதை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். திறன் வேலை என்றால் என்ன என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. கைவினைஞர் வேலை. குமாஸ்தா, கடைச் சிப்பந்தி வேலை. கண்காட்சியிலோ வேடிக்கை நிகழ்ச்சியிலோ வேலை. உணவு விடுதி, தேநீர்க் கடை வேலை. வீட்டு வேலை. இவை எல்லாம் திறன் வேலை. திறனற்ற வேலை எது என்ற இடத்தில் சட்டம் முதலில் குறிப்பிடுவது விவசாயத்தை.

டீ ஆற்றுகிறவனுக்குத் திறன் உண்டு, ஏர் பிடிக்கிறவனுக்கு இல்லை! சட்டம் எழுதியவர்களின் கண்ணுக்குத் தெரிந்தது தொழிலின் நுட்பம் இல்லை. ஆள் எப்படிப் போகிறான் என்பதுதான் அவர்கள் கவலை. கூட்டம் கூட்டமாகப் போகிறவன் திறனற்றவன். ஒருவர் இருவராகப் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறவன் திறனாளி. இரண்டாம் வகை ஆளைக் கூட்டிப்போக விரும்பும் முதலாளி, எத்தனை பேர், எந்த ஊர், என்ன சம்பளம் என்று மாகாண அரசிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். இதைப் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. இன்றைய ஸ்பான்சர்ஷிப் விசாவின் எலும்புக்கூடு அந்தப் பக்கங்களிலேயே கிடைக்கிறது.

பட்டியலின் வலி பதினாறு வருடம் கழித்துத் தெரிந்தது. ரப்பர் விலை விழுந்து மலேயாத் தோட்டங்களில் கூலியைக் குறைக்கவே, 1938 ஜூனில் இந்திய அரசு அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1939 ஆகஸ்ட்டில் இலங்கைக்கும் நிறுத்தியது. இரண்டு தடையும் திறனற்ற வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். குமாஸ்தாவுக்கும் கடைச் சிப்பந்திக்கும் கதவு திறந்தே இருந்தது. மண்வெட்டி பிடித்தவனுக்கு மூடிக்கொண்டது. நல்ல எண்ணத்தில் போட்ட தடை அது, மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் இலங்கை மலைநாட்டில், தம்பி ஊரில் என்று பிரிந்த குடும்பங்களுக்கு எண்ணம் நல்லதாக இருந்து என்ன பயன்?

தேயிலையில் திறன் இல்லையா என்ன? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முற்றலைத் தொடாமல், இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளும் வேகத்தை ஒரு வாரத்தில் கற்க முடியாது. கவாத்து வெட்டுகிறவன் ஒரு சாய்வு தவறினால் அந்தச் செடி வருடக்கணக்கில் தேறாது. அந்தத் திறனைச் சுதந்திர இந்தியா ஒருமுறை ஒப்புக்கொண்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையில் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் பின்னால் பேசிக்கொள்வது. தேங்காய் பங்கு வைப்பது போல மனிதர்களைப் பங்கு வைத்த அந்தக் கணக்கின்படி திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இன்றைய டான்டீயின், அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொடக்கம் அதுதான். நூறு வருடம் ‘திறனற்ற கூலி’ என்று எழுதப்பட்டவர்கள்தான் அந்தக் காட்டைத் தோட்டமாக்கினார்கள்.

கொஞ்சம் நம் பக்கம் திரும்புவோம். இந்தப் பள்ளத்தாக்கு ஆளை அனுப்பியது மட்டுமில்லை, திறனாளிகளை வரவழைத்தும் இருக்கிறது. 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணைக்கு வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் தற்காலிக அணைகளைக் கட்டும் வேலையில், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசிய வம்சத்துத் தச்சர்கள் இருந்தார்கள். அணை கட்டிய பென்னிகுவிக் படத்துக்குப் பொங்கல் வைக்கிற ஊர்களில் அந்தத் தச்சர்களைப் பற்றிய பேச்சு கிடையாது. அதற்கும் முன்னால், வீட்டுக்குள் இன்றும் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து காடு திருத்தி ஊர் அமைத்ததை முதல் அத்தியாயங்களில் பார்த்தோம். அவர்களிடம் விசா கேட்டவர் யாருமில்லை.

இனி தினசரிப் பயணம். விடியுமுன்னே ஜீப் சத்தம் கேட்காத நாள் நம் ஊர்களில் உண்டா? கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள். ‘மலைக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார்கள். வெளிநாடு என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் 1949 வரை அந்த மலை திருவிதாங்கூர் சமஸ்தானம், வேறொரு ராஜாவின் நாடு. 1956 நவம்பர் 1-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனபின்னும் வேறு மாநிலம்தான். சாதாரண நாளில் இந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்தபோது தெரிந்தது. 2020-ல் கொரோனாவுக்காகச் சோதனைச் சாவடியை மூடி, பாஸ் இல்லாமல் விடமாட்டோம் என்றபோது தெரிந்தது. பாஸ் கேட்டபோதுதான் நம் பெண்கள் தாங்களும் எல்லை தாண்டும் தொழிலாளிகள் என்று அறிந்தார்கள்.

ஏலக்காய் பறிப்பதும் சும்மா இல்லை. தரையோடு படர்ந்த சரத்தில் எந்தக் காய் பருவம், எது இன்னும் பத்து நாள் நிற்க வேண்டும் என்று நிறமும் விரலும் சொல்ல வேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்து சுருங்கி விலை போகாது. பழுக்க விட்டால் வெடித்துவிடும். இதற்குச் சான்றிதழ் கொடுக்கும் பள்ளி எதுவும் இல்லை.

சுதந்திர இந்தியா 1983-ல்தான் பழைய 1922 சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. வளைகுடாவுக்கு ஆள் போவது பெருகிய காலம். இந்தச் சட்டம் வாசலைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்தது. இசிஆர், இசிஎன்ஆர் என்று நம் ஊர் டீக்கடைவரை வந்துவிட்ட எழுத்துகள் அவை. பத்தாம் வகுப்புத் தேறாதவனுக்கு இசிஆர், ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’. 18 நாடுகளுக்கு அவன் வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். தேறியவனுக்கு இசிஎன்ஆர், அனுமதி வேண்டாம். 2007-க்கு முன் இந்த வரம்பு இன்னும் மேலே, பட்டப்படிப்பு அளவில் இருந்தது. முப்பது வருடம் கொத்து வேலை பார்த்த மேஸ்திரி பாதுகாக்கப்பட வேண்டியவர். பத்தாம் வகுப்பில் 35 மார்க் வாங்கித் தேறி, கரண்டி பிடிக்கத் தெரியாத அவர் மகன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான்! பாதுகாப்பு தேவையில்லை என்று சொல்லவில்லை. அளவுகோல்தான் சிரிப்பை வரவழைக்கிறது.

அந்த 18 நாடுகளில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து மிக அதிகம் பேர் போயிருக்கும் நாடாக 2015-ம் வருடத்துத் தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு காட்டியது சிங்கப்பூரை. அங்கே வாசல் வேறு மாதிரி. ‘ஸ்கில் அடிச்சுட்டுப் போறது’ என்று சொல்வார்கள். கட்டட வேலைக்குப் போகிறவன் இங்கேயே அங்கீகாரம் பெற்ற மையத்தில் டைல்ஸ் ஒட்டியோ, கம்பி கட்டியோ, பூசியோ, வயரிங் செய்தோ காட்ட வேண்டும். குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். அளவு மில்லிமீட்டர் கணக்கில் பார்ப்பார்கள். கையின் வேலையைக் கண்ணால் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது இந்தக் கதையில் இதுதான் முதல்முறை என்று சொல்லத் தோன்றுகிறது. மதிக்க வேண்டிய முறை. ஆனால் அதில் தேறிப் போனவனுக்கும் கிடைப்பது ஒர்க் பெர்மிட்தான். தொடக்கத்தில் ஆர்2 நிலை, அனுபவம் ஏறினால் ஆர்1. எதுவானாலும் மனைவி மக்களைக் கூட்டிப் போக முடியாது. குடும்பத்தைக் கூட்டிப் போக அதற்கு மேல்நிலையான எஸ் பாஸோ இ பாஸோ வேண்டும், மாதம் 6,000 சிங்கப்பூர் டாலர் சம்பளமும் வேண்டும். ஸ்கில் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது. வாசல் மட்டும் பழைய வாசல்.

வளைகுடாவில் நடப்பது இதற்குத் தலைகீழ். கையில் உள்ள தொழிலும் விசாவில் உள்ள தொழிலும் சேருவதே அபூர்வம். எலக்ட்ரீசியனாக வேலை செய்வான், இக்காமா என்கிற குடியிருப்பு அட்டையில் ‘ஆமில்’, கூலியாள் என்று இருக்கும். ‘ஹவுஸ் டிரைவர்’ விசாவில் போனவன் மஸ்ராவில், அதாவது பண்ணையில் ஆடு மேய்ப்பான். எங்கும் வேலை பார்க்கலாம் என்று சொல்லி ஒரு காலத்தில் விற்ற ‘ஆசாத் விசா’க் கதைகள் நம் ஊர்களில் ஏராளம், பணம் கட்டிப் போய், தொழில் மாற்ற முடியாமல் திரும்பியவர்களின் கதைகள். 2022 கடைசியில் சவூதி அரசு இந்தியாவிலேயே திறன் சோதனை நடத்த ஆரம்பித்தது. பிளம்பர், வெல்டர், எலக்ட்ரீசியன், ஏசி மெக்கானிக் என்று தொடங்கியது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அந்த வரிசையில் இல்லை. 1922 சட்டத்தில் வீட்டு வேலை திறன் வேலை என்று எழுதியிருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸுகள் கதைக்குத் தனி வாரம் ஒதுக்க வேண்டும். இங்கே ஒரு வரி: அந்த 18 நாடுகளுக்கு நர்ஸுகளை எடுப்பது 2015 முதல் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் என்று ஆயிற்று. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். வீட்டில் பெண் நர்ஸிங் முடித்திருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள், பிறகு ஏஜென்டைத் தேடலாம்.

பிரிட்டனுக்கு வருவோம். கூலிக்கும் தொழிலுக்கும் இடையே உள்ள கோடு எவ்வளவு லேசானது என்று அண்மையில் காட்டிய நாடு அது. 2020 டிசம்பரில் அங்கே ‘திறன் பணியாளர் விசா’ என்ற பெயரிலேயே ஒரு விசா வந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் எண். முதியோரைப் பராமரிக்கும் வேலையின் எண் அப்போது 6145. 2022 பிப்ரவரியில் ஆள் தட்டுப்பாடு வந்ததும் அந்த வேலை பட்டியலில் ஏறியது. கேரளமும் தமிழ்நாடும் முண்டியடித்துக்கொண்டு ஓடின. ‘சிஓஎஸ்’ என்கிற ஸ்பான்சர் சான்று, சட்டப்படி விற்கக் கூடாத காகிதம், லட்சக்கணக்கில் விலை போனது. 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது என்றார்கள். அந்த ஏப்ரலில் பொதுவான சம்பள வரம்பு 26,200 பவுனிலிருந்து 38,700-க்குத் தாவியது. பராமரிப்பு நிறுவனங்கள் 470-க்கும் மேல் உரிமம் இழந்தன. ஸ்பான்சர் போனால் ஆளுக்கு 60 நாள் கெடு, அதற்குள் வேறு முதலாளி கிடைக்க வேண்டும். 2025 ஜூலை 22-ல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு ஆள் எடுப்பதே நின்றது. வரம்பும் 41,700 பவுன் ஆயிற்று. ஹோட்டல் சமையல்காரரும் அன்றோடு வெளியே. கிழவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நடத்திக் கூட்டிப்போகும் வேலை மூன்றரை வருடம் திறனாக இருந்தது. ஒரு ஜூலை மாதத்துக் காலையில் திறனற்றதாகிவிட்டது. வேலை ஒன்றும் மாறவில்லை.

கம்ப்யூட்டர் படித்தவர்களின் வாசலும் அப்படியொன்றும் அகலமில்லை. 1990 சட்டத்தில் பிறந்த அமெரிக்க எச்1பி விசாவுக்கு வருடம் 65,000 என்ற வரம்பு, அதற்குமேல் குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. நம் பள்ளத்தாக்கிலிருந்து பெங்களூருக்குப் போனவர்களே அதிகம் என்பதால் இதை இதோடு விடுகிறேன்.

போன மாதம் காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பன்னீர் திராட்சைப் பந்தலுக்கடியில் நின்றிருந்தேன். கவாத்து நேரம். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த இளைஞன் தாய்மாமனோடு பேசிக்கொண்டிருந்தான்.

“மாமா, ஒங்க வேலைக்கெல்லாம் எங்கயும் விசா கெடையாது.”

“ஏன் மாப்ள? கண்ணு பாத்து வெட்டத் தெரிஞ்சவன் இந்தத் தெருவுல எத்தன பேரு இருக்கான் சொல்லு. ஒரு கண்ணு கூட விட்டா கொத்து சிறுத்துரும், கொறச்சு விட்டா காயே இருக்காது.”

“அதெல்லாம் பேப்பர்ல வராது மாமா.”

மாமா பதில் சொல்லவில்லை. அடுத்த கொடியைப் பிடித்து, பருமனை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, வெட்டினார். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்தின் பேர் பேப்பரில் வந்துவிட்டது.

அந்த மாப்பிள்ளை சொன்னது முழுக்கச் சரியில்லை. பிரிட்டன் மாதிரி நாடுகளில் பழம் பறிப்பது ஆறு மாதப் பருவ வேலைதான், உண்மை. ஆனால் ஜப்பான் 2019 ஏப்ரலில் ‘குறிப்பிட்ட திறன்’ என்று ஒரு புதிய விசாவைத் தொடங்கியபோது அதில் இருந்த 14 துறைகளில் விவசாயமும் ஒன்று. கிழவர்களைப் பராமரிக்கும் வேலையும் அதில் உண்டு. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் இதற்காக ஒப்பந்தம் செய்துகொண்டன. தொழில் தேர்வும், ஆரம்பநிலை ஜப்பானிய மொழித் தேர்வும் தேற வேண்டும். 1922-ல் திறனற்றது என்று எழுதிய தொழிலை ஒரு நாட்டின் சட்டம் திறன் என்று எழுத 97 வருடம் ஆயிற்று. மாமாவுக்கு வயது 58. ஜப்பானிய எழுத்தை இனி அவர் படிக்கப் போவதில்லை.

அடுத்த வாரம் நர்ஸுகள். அதற்குள் வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் தகரத் துண்டு, பற்றுச்சீட்டு, அப்பாவின் பழைய பாஸ்போர்ட், இக்காமா, அண்ணனின் ஸ்கில் சர்ட்டிபிகேட் ஏதாவது இருந்தால் எடுத்து, தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உண்மையில் அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இரண்டையும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம். ஊரும் வருடமும் போதும்.

(தொடரும்)